இப்போ மூச்சு விடலாம்

அவள் கண் மஞ்சளாகியிருப்பதை முதலில் கண்டுபிடித்தது நாத்தனார்தான்.

"என்னடி இது, கண்ணுக்குள்ள மஞ்சள் பல்பு போட்டு வச்சிருக்கே?" என்றாள், சமையலறை வாசலில் நின்றபடி.

உள்ளே அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பாத்திரம் என்றால் ஒரு தட்டு, ஒரு டம்ளர். கணவர் போனபின் சேர்வது அவ்வளவுதான். ஆனாலும் பழைய நேரத்துக்குக் குறையாமல் குழாயடியில் நின்று அதையே தேய்த்துக்கொண்டிருப்பாள்.

"தூக்கமில்லைக்கா."

"தூக்கமில்லன்னா கண்ணு சிவக்கும். மஞ்சளாகாது. வெளிச்சத்துக்கு வா."

நாத்தனார் என்றால் கணவரின் அக்கா. அதே வீட்டின் மாடியில் தனியாக இருப்பவள். தம்பி இருந்தவரை எப்போதாவது எட்டிப் பார்த்தவள், அவர் போனபின் பொழுதுக்கும் படி இறங்கி வந்தாள். வந்தால் ஏதாவது ஒரு குற்றம் கண்டுபிடிக்காமல் மேலே ஏறுவதில்லை. தம்பி இறந்த அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் என்று உறவுக்காரர்கள் நடுவில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. கல்நெஞ்சுக்காரி என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. "ஆமா, கல்லுதான். கல்லு மேலதான் வீடு கட்டுவாங்க," என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தாள்.

ஜன்னல் பக்கம் நிறுத்தி, கீழிமையை இழுத்துப் பார்த்தபின் நாத்தனாரின் குரல் மாறியது. "வலி ஏதும் இருக்கா? மறைக்காம சொல்லு."

இருந்தது. வலது விலாவுக்குக் கீழே, கத்தியை வைத்துத் திருகுவது போல வரும். அவள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிறகு வந்த சுவடு தெரியாமல் போய்விடும். யாரிடம் சொல்வது? இத்தனை வருடம் தலைவலி, கால்வலி எல்லாவற்றையும் சொல்ல ஒரு ஆள் இருந்தார். சொன்னால், ஒரு "ம்" கொட்டுவார். அந்த "ம்" கேட்டாலே பாதி வலி இறங்கிவிடும். இப்போது சுவரிடமா சொல்ல முடியும்?

தெருமுனை ஸ்கேன் சென்டரில் வயிற்றில் ஜெல் தடவிப் பார்த்த பெண், பார்த்த இடத்தையே மறுபடி மறுபடி பார்த்தாள். பித்தக்குழாய் வீங்கியிருக்கிறது, உள்ளே சதை மாதிரி ஏதோ அடைத்திருக்கிறது, கல் இல்லை, வாயு மறைப்பதால் முழுசாகத் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தாள். அதை எடுத்துக்கொண்டு அறுவை டாக்டரிடம் போனார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். அப்படிக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிற டாக்டர்கள் நல்ல செய்தி சொல்வதில்லை என்பது நாத்தனாரின் கருத்து.

"ஏதோ கட்டி, வளர்ச்சி மாதிரி இருக்கும்மா. குழாயோட கீழ்முனையில வந்தா இப்படித்தான் அடைக்கும், கண்ணு மஞ்சளாகும். பெரிய மெஷின்ல ஒரு படம் எடுத்து உறுதி பண்ணிக்கலாம். அடுத்த வாரமே திறந்துடலாம். தள்ளிப்போடற விஷயம் இல்ல."

"திறந்தா?" என்றாள் நாத்தனார்.

"பெரிய அறுவைதான். குழாய், கணையத்துல ஒரு பகுதி, குடல்ல கொஞ்சம், எல்லாம் எடுக்கணும். இந்த வயசுல உடம்பு எவ்வளவு தாங்கும்னு இப்பவே சொல்ல முடியாது. எடுக்காமலும் விட முடியாது." அவர் ஒரு சீட்டை எடுத்தார். "புதுசா திறந்திருக்காங்களே, அந்த சென்டருக்கு எழுதறேன். நல்ல மெஷின். சட்டுனு முடிஞ்சிடும்."

அதுவரை தலை குனிந்து உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்தாள்.

"பெரியாஸ்பத்திரில இருக்கிற பழைய மெஷின்ல எடுக்கலாமா டாக்டர்?"

டாக்டருக்கு ஆச்சரியம். "எடுக்கலாம். படம் படம்தான். ஆனா அதுல சத்தம் ஜாஸ்தி, நேரமும் இழுக்கும்."

"இழுக்கட்டும் டாக்டர்."

பஸ்ஸில் வரும்போது நாத்தனார் பொரிந்து தள்ளினாள். "ஊர்ல உள்ளவன் எல்லாம் புதுசு எங்கேன்னு ஓடறான். உனக்கு மட்டும் ஓட்டை மெஷின் கேக்குது. அவன் வேலை பார்த்த இடம்னா அது என்ன கோயிலா? மெஷினைக் கட்டிக்கிட்டு அழப்போறியா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வளர்ச்சி என்ற சொல் வாசலில் நிற்கும் கடன்காரனைப் போல நகராமல் நின்றது. ஆனால் அதற்கும் பின்னால், யாருக்கும் சொல்ல முடியாத ஓர் ஆசை, தன் முறை வரட்டும் என்று காத்திருந்தது.

கணவர் அந்த ஆஸ்பத்திரியின் படப்பிரிவில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர். ஆட்களை அந்த நீளச் சுரங்கம் போன்ற மெஷினுக்குள் படுக்க வைத்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து படம் எடுப்பவர். மெஷின் வந்த புதிதில் அதில் ஒரு வேற்றுமொழிப் பெண்குரல் இருந்தது. எப்போது மூச்சைப் பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று அது சொல்லும். வந்தவர்களுக்கோ ஒன்றும் புரியாது. பிடிக்கச் சொன்னால் விடுவார்கள், விடச் சொன்னால் எழுந்து உட்காரப் பார்ப்பார்கள். வயிற்றுப் படத்தில் மூச்சு அசைந்தால் எல்லாம் கலங்கிப்போகும். பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு விடுமுறை நாளில் அவரே தன் குரலை அதில் பதிந்து வைத்தார்.

அன்று அவள் சாப்பாடு எடுத்துக்கொண்டு போயிருந்தாள். "நல்லவேளை வந்தே. எவ்வளவு நேரம் ஒரு ஆளால மூச்சுப் பிடிக்க முடியும்னு பாக்கணும். நீதான் பேஷண்ட்," என்று எதிரே நிறுத்திவிட்டார். முதல் தடவை அவர் "மூச்சை நல்லா உள்ளே இழுங்க" என்றதும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணமான அன்றைக்குக்கூட அவளை நீ என்று கூப்பிட்டவர், இப்போது இழுங்க, விடுங்க என்றால்? அவர் முறைத்தார். இரண்டாம் தடவை அவருக்கே இருமல். அப்புறம் ஒருவழியாகக் குரல் படிந்தது. "அப்படியே பிடிச்சுக்கோங்க" என்று அவர் சொன்னதும், மூச்சை அடக்கிக்கொண்டு நின்றவள், இவ்வளவு நேரம் போதுமா என்று புருவத்தை உயர்த்திக் கேட்டாள். அவர் "ம்" என்றார். அந்த "ம்"கூடப் பதிவாகிவிட்டது. வெட்டி எடுத்துவிடலாமே என்று அவள் சொன்னபோது, "இருக்கட்டும். கேக்கறவங்களுக்கு ஒரு தெம்பு," என்று விட்டுவிட்டார்.

பிறகு அவர் ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பி, ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர், நிமிரவில்லை.

வீட்டில் அவர் போட்டோக்கள் நிறைய இருந்தன. சட்டைகள் இருந்தன, செருப்பு இருந்தது, பாதி தீர்ந்த ஷேவிங் கிரீம்கூட இருந்தது. குரல்தான் இல்லை. போனில் குரல் அனுப்புகிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. கொஞ்ச நாளில் அவள் மனசுக்குள்ளேயே அந்தக் குரல் தேயத் தொடங்கியது. அவர் எப்படிக் கூப்பிடுவார் என்று நினைத்துப் பார்த்தால் சொற்கள் வரும், சத்தம் வராது. அந்தச் சத்தம் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் மிச்சம் இருந்தது. உடம்பில் ஏதாவது வராமல் அதற்குள் போக முடியாது. இப்போது வந்துவிட்டது.

படப்பிரிவு இடைவழியில் அதே மருந்து நெடி, அதே பச்சை நாற்காலிகள். அவர்களைக் கண்டதும் ஓட்டமும் நடையுமாக வந்தவன் ஒட்டகம். கணவரிடம் வேலை பழகி, இப்போது அவர் இடத்தில் இருப்பவன். நெடுநெடுவென்ற உயரம், எப்போதும் முன்னால் நீண்டிருக்கும் கழுத்து. அந்தப் பெயர் கணவர் வைத்ததுதான். இன்றைக்கு ஆஸ்பத்திரி முழுக்க அதுவே பெயராகிவிட்டது.

"வாங்க அண்ணி. வாங்கக்கா." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"என்ன ஒட்டகம், இன்னும் வளர்ந்துட்டே போறே? கதவை உயர்த்திக் கட்டச் சொல்லணும் போலிருக்கே," என்றாள் நாத்தனார். அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

துணி மாற்றிக்கொண்டு வந்தவள், கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி நாத்தனாரிடம் கொடுத்தாள். அது அவருடையது. அவள் மணிக்கட்டில் தொளதொளவென்று தொங்கும். இரும்பு எதுவும் உள்ளே போகக்கூடாது. கனத்த கதவைத் தாண்டி உள்ளே வந்ததும் ஒட்டகம் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணி, ஒரு விஷயம். உள்ளே போனதும் உங்களுக்கு..."

"தெரியும் தம்பி. இருக்கா இன்னும்?"

"இருக்கு அண்ணி. மாத்தலாம்னு ரெண்டு பேர் சொன்னாங்க. நான் தொட விடல."

"அக்காவுக்குத் தெரியாது. நீ சொல்லிடாதே."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே பிடிபடவில்லை. பங்கு போட மனமில்லை, அவ்வளவுதான். வீட்டையும் சாமான்களையும் பகிர்ந்தாகிவிட்டது. இது ஒன்றாவது தனக்கு மட்டும் இருக்கட்டும்.

அவன் அவளைப் படுக்க வைத்து, வயிற்றின்மேல் ஒரு கனத்த தட்டை வைத்துப் பட்டை கட்டினான். காதில் பெரிய ஹெட்போன். கையில் ஒரு ரப்பர் பந்து. பயமாக இருந்தால் அமுக்க வேண்டும். படுக்கை மெல்ல உள்ளே நகர்ந்தது. நெற்றிக்கு மேலேயே வெள்ளைக் கூரை. எங்கோ யாரோ சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம் வந்து நின்றது.

அப்புறம் அவர் பேசினார்.

"மூச்சை நல்லா உள்ளே இழுங்க."

காதுக்குள்ளேயே. தலையணையில் திரும்பிப் படுத்துச் சொல்வது போல. அதே குரல், ஓரத்தில் கொஞ்சம் கரகரப்பு.

"விடுங்க. மறுபடி இழுங்க. அப்படியே பிடிச்சுக்கோங்க... ம்."

"சரிங்க," என்றாள் அவள்.

வாழ்ந்த காலம் முழுக்க அவர் எது சொன்னாலும் அவள் வாயிலிருந்து வந்த சொல் அது. இதற்காக யோசிக்கவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது போல வந்துவிட்டது. மெஷின் தடதடவென்று அதிர்ந்தது. வெகுநேரம் கழித்து அவர், "இப்போ மூச்சு விடலாம்," என்றார். "சரிங்க," என்றாள் மறுபடியும்.

ஒட்டகத்தின் குரல் குறுக்கே புகுந்தது. "அண்ணி, பேசக்கூடாது. பேசினா வயிறு அசையும். படம் கலங்கிடுச்சு. இன்னொரு தடவை எடுக்கறேன்."

"சரி தம்பி. இனிமே பேசல."

பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்தவள் அவள். பிள்ளைகள் வாயைத் திறந்தாலே உதட்டில் விரல் வைத்து அடக்கியே காலம் தள்ளியவள். பேசாதே என்று ஒரு தலைமுறைக்கே சொன்ன ஆள், இப்போது தன் வாயை அடக்க முடியாமல் படுத்திருந்தாள். மறுபடி அவர் இழுங்க என்றார், பிடிச்சுக்கோங்க என்றார், "ம்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் "ம்" கேட்டதும், தொண்டைக்குள்ளிருந்து "சரிங்க" நழுவிவிட்டது.

மூன்றாவது தடவையும் அதே கதைதான். இதில் அவளுக்கு வெட்கம் பாதி, சொல்லக் கூசும் ஒரு சந்தோஷம் பாதி. கெட்டுப்போனால் மறுபடி எடுப்பார்கள். மறுபடி எடுத்தால் மறுபடி அவர் பேசுவார். வளர்ச்சியாகவே இருந்தால்தான் என்ன? அதுவும் அவர் இருக்கிற பக்கம் போகிற ஒரு வழிதானே. அந்த வெள்ளைக் கூரைக்குக் கீழே அப்படித்தான் தோன்றியது.

அதற்குள் விபத்தில் அடிபட்ட ஒருவரை அவசரமாகக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒட்டகம் அவளை வெளியே எடுத்தான். "கொஞ்சம் ஓய்வு எடுங்க அண்ணி. அவரை முடிச்சிட்டு உங்களைக் கூப்பிடறேன். கலங்கின படத்தை அழிக்கல, எங்க டாக்டரம்மா எல்லாத்தையும் பாக்கணும்னு சொல்லுவாங்க."

நாத்தனார் பச்சை நாற்காலியில் கடிகாரத்தை உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"மூச்சைப் பிடிக்கத் தெரியலையா உனக்கு? சின்னப் பிள்ளைல நானும் உன் புருஷனும் இதே விளையாட்டுதான். தொட்டித் தண்ணில முகத்தை அமுக்கிட்டு யார் முதல்ல எழுந்திரிக்கறாங்கன்னு. ஒரு தடவைகூட அவன் ஜெயிச்சதில்ல. மூச்சு முட்டி வெளியே வந்து, 'அக்கா ஏமாத்தறா'ன்னு அம்மாகிட்ட ஓடுவான். கடைசில பாரு, ஊருக்கெல்லாம் மூச்சுப் பிடின்னு சொல்ற வேலை அவனுக்கு!"

அவள் சிரித்தாள். பாதியில் வலி வந்துவிட்டது. இந்தத் தடவை வலி இருந்த இடத்தில் இல்லாமல், மேலே ஏறியது போல, நெஞ்சுக்குழிப் பக்கம் திருகியது. நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் எதுவும் கேலி பேசவில்லை. வலி போகும்வரை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நீயும் போயிட்டா நான் யாரைடி திட்டறது?"

இதுவரை நாத்தனார் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. அவளுக்குச் சட்டென்று எதுவோ உறைத்தது. தான் ஒருத்தி மட்டும்தான் அவரைத் தொலைத்தவள் என்று எப்படி இருந்துவிட்டோம்? அக்காவிடமும் அந்தக் குரல் மிச்சமில்லை.

ஒட்டகம் மறுபடி கூப்பிட்டபோது அவள் கீழுதட்டைப் பல்லால் கவ்விக்கொண்டு படுத்தாள். அவர் இழுங்க என்றார், இழுத்தாள். பிடிச்சுக்கோங்க என்றார், பிடித்தாள். "ம்" என்றார். கண்ணின் ஓரமாக நீர் வழிந்து ஹெட்போனுக்குள் இறங்கியது. வயிறு அசையவில்லை. மெஷின் அடித்து ஓய்ந்து, "இப்போ மூச்சு விடலாம்" என்று அவர் அனுமதி கொடுத்தபின்தான் விட்டாள்.

துணி மாற்றி வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் டாக்டரம்மாவே எழுந்து வெளியே வந்துவிட்டார். படம் பார்த்து முடிவு சொல்பவர். கட்டையான உருவம், கையில் ஆறிப்போன டீ. அவர் நோயாளியைத் தேடி வெளியே வருவது அபூர்வம் என்று ஒட்டகத்தின் முகமே சொன்னது.

"முதல் தடவை உள்ளே பேசிக்கிட்டே இருந்தது நீங்கதானே?"

"மன்னிச்சிடுங்க டாக்டர். தெரியாம..."

"மன்னிப்பெல்லாம் அப்புறம். ரெண்டு பேரும் உள்ளே வாங்க."

இருட்டான சின்ன அறை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு திரைகள். கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக ஒரு மரம் நின்றது. கிளைகள் மேலே விரிந்து, ஒரே தண்டாகச் சேர்ந்து கீழே இறங்கியது.

"இதுதான் உங்க பித்தக்குழாய். உள்ளே இருக்கிற பித்தம் வெள்ளையாத் தெரியும். அடைப்பு எது இருந்தாலும் கறுப்பாத் தெரியும். இது முதல்ல எடுத்த படம். கலங்கிப் போயிருக்கு. இருந்தாலும் பாருங்க, தண்டோட அடியில ஒரு கறுப்பு. இது ஒண்ணை மட்டும் பாத்திருந்தா நானும் வளர்ச்சின்னுதான் எழுதியிருப்பேன்." டாக்டரம்மா இரண்டாவது திரைக்குத் திரும்பினார். "இது அப்புறம் எடுத்தது. பளிச்சுனு இருக்கு. அந்தக் கறுப்பு எங்கே?"

அடித்தண்டு முழு வெள்ளையாக இருந்தது. நாத்தனார்தான் முதலில் பார்த்தாள். "அதோ, மேலே! இடதுபக்கக் கிளைல. நூல் மாதிரி நீளமா."

"அதேதான். வளர்ச்சின்னா முளைச்ச இடத்துலயே இருக்கும். நீங்க வெளியே டீ குடிச்ச நேரத்துல வீடு மாறிக் குடிபோகாது."

"அவ டீயெல்லாம் குடிக்கல டாக்டர், வெறும் வயிறு," என்றாள் நாத்தனார் அவசரமாக. பிறகு, "அப்ப அது என்ன?"

"உயிருள்ளது ஏதோ. வாங்க, நேர்லயே பாத்துடலாம்."

பக்கத்து அறையில் மறுபடி ஜெல், மறுபடி அந்தக் குளிர்ச்சி. டாக்டரம்மா விலாவுக்குக் கீழே கருவியை வைத்து, ஓர் இடம் கிடைத்ததும் கையை அசைக்காமல் நிறுத்திவிட்டார். "இதுல அவசரப்படக்கூடாது. நாம சும்மா இருந்தா அதுவே தன்னைக் காட்டிக்கும்," என்றார். சாம்பல் நிறத் திரையில் குழாய் தெரிந்தது. குழாய்க்குள் இன்னொரு மெல்லிய குழாய், இரண்டு வெள்ளைக் கோடுகளாக, தண்டவாளம் போல. எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தண்டவாளம் மெதுவாக வளைந்தது. ஒருமுறை சுருண்டு, மறுபடி நீண்டது.

"ஐயோ!" என்று நாத்தனார் இரண்டடி பின்னால் போய் ஒட்டகத்தின் காலை மிதித்தாள்.

"புழு," என்றார் டாக்டரம்மா, நல்ல சேதி சொல்கிற முகத்துடன். "குடல்ல இருக்கிற உருண்டைப் புழு. சில சமயம் வழிதவறி மேலே ஏறிப் பித்தக்குழாய்க்குள்ள தலையை விட்டுடும். போயிட்டு வந்துட்டு இருக்கும். அதான் வலியும் வருது, போகுது. பச்சைக் காய்கறி ஏதும் கழுவாம சாப்பிடுவீங்களா?"

அவள் பதில் சொல்வதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள். "கேளுங்க டாக்டர், நல்லா கேளுங்க! ஒரு ஆளுக்கு எதை அளந்து போடறதுன்னு அடுப்பையே பத்த வைக்கறதில்ல. நடைபாதைல விக்கிற கேரட்டை வாங்கி, முந்தானைல துடைச்சு, நின்ன நிலைல கடிச்சுக்கிட்டு இருக்கா. தட்டைத் தேய்க்கற தேய்ப்புல பாதி அந்தக் கேரட்டுக்குக் காட்டியிருந்தா இந்தப் பாடு உண்டா?" அவள் பக்கம் திரும்பினாள். "ஒரு ஆளுக்கு ஒரு ஆளுக்குன்னு மூக்கால அழுதியே, பாரு, இத்தனை நாளா ரெண்டு ஆளு சாப்பிட்டிருக்கீங்க!"

டாக்டரம்மா சிரித்ததில் கருவி ஆடித் திரையில் எல்லாம் மறைந்தது.

"இந்த வயசுல இதெல்லாம் வருமா டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

"புழு வயசா கேக்கும்? வாய் இருந்தா போதும் அதுக்கு." அவர் ஜெல்லைத் துடைத்துவிட்டார். "உங்க அறுவை டாக்டருக்கு நான் இப்பவே போன் பண்றேன். திறக்க வேண்டிய அவசியம் இல்ல. வாய்வழியா கேமராக் குழாய் விட்டு எடுத்துடுவாங்க. அப்புறம் கொஞ்சம் மாத்திரை. ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க முதல்லயே ஒழுங்கா மூச்சுப் பிடிச்சிருந்தா, ஒரே படத்தோட போயிருப்பீங்க. அது கீழே இருந்த நேரத்துல எடுத்த படம். வயித்தைத் திறந்திருப்பாங்க."

அவள் அந்தக் கட்டிலிலேயே படுத்தபடி அழுதாள். பிழைத்துக்கொண்ட சந்தோஷம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதுவும் உண்டு. ஆனால் கொஞ்ச நேரம் முன்பு அந்தக் கூரைக்குக் கீழே அவள் மனசு அவர் பக்கம் பாதி வழி போயிருந்தது. அங்கிருந்து திரும்பி நடந்து வரவேண்டியிருந்தது. அதற்கும் சேர்த்துத்தான் அழுகை.

புழுவை எடுத்தபின் நாத்தனார் அதைப் பார்க்காமல் விடமாட்டேன் என்று அடம்பிடித்தாள். பாட்டிலில் வெளிறிய கயிறு போலச் சுருண்டு கிடந்தது. "இதுக்கா நாம இந்த ஆட்டம் ஆடினோம்," என்று அதையும் ஒருமுறை திட்டினாள். அன்றிலிருந்து மாடி அடுப்பு அணைந்தது. கீழேயே இருவருக்கும் சேர்த்துச் சமையல். காய் கழுவுவது மட்டும் நாத்தனார் பொறுப்பு, யாரையும் நம்புவதில்லை.

கண் வெளுத்து, வலியும் மறந்துபோன பிறகு, மறுபார்வைக்கு வரச்சொல்லியிருந்தார்கள். அவள் காலையிலிருந்தே சாப்பிடவில்லை. நல்ல புடவை கட்டிக்கொண்டாள். மெஷினுக்குள் போக நல்ல புடவை எதற்கு என்று நாத்தனார் கேட்டபோது மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். டாக்டரம்மா ஜெல் தடவி, கருவியை ஓட்டிப் பார்த்துவிட்டு, "குழாய் சுத்தம். வீட்டுக்குப் போகலாம்," என்றார்.

"பெரிய மெஷின்ல... பாக்க வேணாமா டாக்டர்?"

"எதுக்கு? இதுலயே தெளிவாத் தெரியுதே. இனிமே உங்களுக்கு அது தேவையே இல்ல." டாக்டரம்மா அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "நல்ல சேதி சொன்னா ஏன் முகம் இப்படி விழுந்து போகுது?"

அவள் ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். இடைவழியின் கடைசியில் அந்தக் கனத்த கதவு. உள்ளிருந்து சுத்தியல் சத்தம் மங்கலாகக் கேட்டது. உள்ளே வேறு யாரோ படுத்திருக்கிறார்கள். அவர்களிடம் அவர் பேசிக்கொண்டிருக்கிறார். உடம்பு நன்றாக இருப்பவர்களுக்கு அங்கே இடமில்லை.

ஒட்டகம் அவர்களைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். ஓரமாகக் கூப்பிட்டு, கழுத்தை இன்னும் தாழ்த்தி மெல்லச் சொன்னான். "அண்ணி, புது மெஷின் வரப்போகுது. இதைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடுவாங்க. அதுக்குள்ள அண்ணன் குரலை உங்க போன்ல எடுத்துத் தந்துடறேன்."

"என்ன குரல்?" என்றாள் நாத்தனார். அவள் காது பாம்புக் காது.

ஒட்டகம் திருதிருவென்று விழித்தான். அவள் பச்சை நாற்காலிகளைப் பார்த்தாள். அன்று தன் கையை இறுக்கிப் பிடித்திருந்த அக்காவின் கை நினைவுக்கு வந்தது.

"போன்ல அப்புறம் எடுத்துக்கலாம் தம்பி," என்றாள். "முதல்ல அக்கா நேர்ல கேக்கட்டும். உள்ளே கூட்டிட்டுப் போவியா?"

கண்ணாடி அறையில் இருவரையும் ஒட்டகம் தன் நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சுரங்கத்துக்கு வெளியே யாருடையவோ இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. போர்வை கணுக்கால்வரை இருந்தது. நாத்தனார் எதுவும் விளங்காமல் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒட்டகம் ஒரு பொத்தானை அழுத்தினான்.

"மூச்சை நல்லா உள்ளே இழுங்க," என்றது மேஜைமேல் இருந்த சின்ன ஸ்பீக்கர்.

நாத்தனார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க. மறுபடி இழுங்க. அப்படியே பிடிச்சுக்கோங்க... ம்."

மெஷின் அடிக்கத் தொடங்கியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள், வாயையும். சரிங்க என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்து அங்கேயே நின்றது. அந்தப் பாதங்களுக்குரியவர் யாரோ, அவருடைய படம் கலங்கக்கூடாது என்று இருந்தது, தான் இங்கே பேசினால் அங்கே கேட்காது என்று தெரிந்திருந்தும். பக்கத்தில் நாத்தனாரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. கண்கள் ஸ்பீக்கரை விட்டு அகலவில்லை.

அடிப்பது நின்றது.

"இப்போ மூச்சு விடலாம்," என்றார் அவர்.

அவள் விட்டாள். கண்ணாடிக்கு அப்பால் பாதங்கள் லேசாக அசைந்தன. ஒட்டகம் அடுத்த படத்துக்காகத் திரையைப் பார்க்கத் திரும்பினான். நாத்தனார் மட்டும் விடவில்லை. உதட்டை இறுக மூடிக்கொண்டு, முகம் சிவந்துபோய், அப்படியே நின்றாள்.

அவள் பக்கத்தில் போய் நாத்தனாரின் முதுகில் கை வைத்தாள்.

"அக்கா, விடுங்க. அவர் எப்பவோ தண்ணிலேர்ந்து எழுந்திரிச்சுட்டார். நீங்கதான் ஜெயிச்சீங்க."

நாத்தனாரின் வாய் திறந்தது. அத்தனை நாள் பிடித்து வைத்திருந்த மூச்சு, ஒரு சிறுபிள்ளையின் கேவலாக வெளியே வந்தது.